சேலைகளுக்குப் பின்னால் இருந்த துவக்கு

அந்தப் பிள்ளை வந்த முதல் நாளே நான் இருக்கிற கதிரையில் இருந்தா.

ஜெர்மனியில் ஹம் நகரத்தில், ரயில் ஸ்டேசனில் இருந்து நடந்து போகிற தூரத்தில் அந்தக் கந்தோர். புருசன்மாரிடம் அடி வாங்கின பெண்களுக்கு உதவி செய்கிற இடம். வாசலில் பெயர்ப்பலகை சின்னதாகத்தான் இருக்கும். மேல்மாடியில் மூன்று அறை, ஒரு குசினி, நீளமான ஒரு விறாந்தை. அதை எல்லாம் துடைக்கிறது என் வேலை. கிழமையில் ஐந்து நாள், காலை ஏழு மணி தொடக்கம் பதினொன்று வரை. அந்த நேரம் நான் அங்கே சேர்ந்து ஏழு வருசம் ஆகியிருந்தது.

துடைக்கிற வேலைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதோடு நின்றதில்லை. தமிழ்ப் பொம்பிளை ஒருத்தி படியேறி வந்தால், பொறுப்பாக இருந்த ஜெர்மன்காரி விறாந்தையில் வந்து நின்று எனக்குக் கை காட்டுவா. நான் வாளியை ஓரமாக வைத்து, கையுறையைக் கழற்றிப்போட்டு உள்ளே போவேன். அவவின் மேசைக்கு இடது பக்கம் ஒரு கதிரை இருந்தது. அதில் இருந்துதான் வந்தவள் தமிழில் சொல்வதை நான் டொச்சில், ஜெர்மன் பாசையில், சொல்லுவேன். என்னுடைய டொச் காதால் கேட்டுப் பிடித்த டொச். எழுத வராது. தமிழிலேயே ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். இதைக்கூட ஒரு கொப்பியில் நாளுக்கு ஒரு பக்கம் என்று மெல்ல மெல்லத்தான் எழுதுகிறேன். ஆனாலும் சுற்றி இருக்கிற ஊர்களில் இருந்து பெண்கள் என்னைக் கேட்டுத்தான் வந்தார்கள். "அங்க துடைக்கிற அக்கா ஒராள் இருக்கிறா, அவவிட்டப் போய்ச் சொல்லு" என்று கோயிலில் பூசை முடிந்து வெளியே நிற்கும்போது ஒருத்தி மற்றவளுக்குக் காதுக்குள் சொல்லுவாளாம். அது எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி நடப்பேன்.

அப்படி இருக்கும்போதுதான் அந்தப் பிள்ளையை வேலைக்கு எடுத்தார்கள். பான் நகரத்தில் சமூக சேவைக்குப் படித்த பிள்ளை. மூன்று வயதில் தாய் தகப்பனோடு இந்த நாட்டுக்கு வந்தவவாம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் ஜெர்மன்காரி கதைக்கிறா என்றுதான் நினைப்பீர்கள். தமிழும் குறை சொல்ல ஏலாது. கட்டையாக வெட்டின தலைமயிர், தோளில் ஒரு தோல் பை, பைக்குள் பேப்பர். என்னைக் கண்டதும் எழும்பி நின்று கை தந்து, "வணக்கம் அன்ரி, உங்களைப் பற்றி எல்லாரும் சொல்லுகினம்" என்றா. என்ன சொல்லுகினம் என்று நான் கேட்கவில்லை. அவவும் சொல்லவில்லை. பிறகு அந்தக் கதிரையில் இருந்தா. நான் வாளியை எடுத்துக்கொண்டு விறாந்தைக்குப் போனேன்.

அதற்குப் பிறகு பொறுப்பாளர் எனக்குக் கை காட்டவில்லை. தேவை இல்லைத்தானே. முன்பு என் கையைப் பிடித்து அழுத பெண்கள், இப்போது விறாந்தையால் போகும்போது "சுகமோ அக்கா" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் அந்தப் பிள்ளையின் அறைக்குள் போனார்கள். கதவு சாத்துகிற சத்தம் கேட்கும். அந்தக் கதவின் பிடியைத்தான் நான் ஒவ்வொரு நாளும் துடைத்தேன். பொறாமை இல்லை என்று பொய் எழுத மாட்டேன். சோறு செமிக்காத அளவுக்குப் பொறாமை.

ஒன்றையும் மறைக்காமல் சொல்வதென்றால், நான் மொழிபெயர்க்கிறபோது கூட்டியும் குறைத்தும்தான் சொல்லுவேன். "பெல்ட்டால அடிச்சவர்" என்று ஒருத்தி சொன்னால், அவளுடைய மானம் போகக்கூடாது என்று "தள்ளிவிட்டவர்" என்று சொன்னதும் உண்டு. ஒருத்தி "ஒருக்கா அடிச்சவர்" என்று சொன்னால் "பல தரம்" என்று நானாகச் சேர்த்ததும் உண்டு, அவள் முகத்தைப் பார்த்து. அந்தப் பிள்ளை அப்படி இல்லை. சொன்னதைச் சொன்னபடி எழுதுவா. ஒரு பேப்பரில் கேள்விகள் வரிசையாக அடித்திருக்கும். ஒவ்வொன்றாகக் கேட்டு, ஓம் என்றால் ஒரு பெட்டியில் கோடு, இல்லை என்றால் மற்றப் பெட்டியில் கோடு.

ஒரு செவ்வாய்க்கிழமை ஒரு பொம்பிளை வந்தா, மன்னார்த் தங்கச்சி என்று வைப்போம். ஊர் மன்னார்ப் பக்கம், முப்பத்தைந்து வயது இருக்கும், முதியோர் இல்லத்தில் உடுப்புத் தோய்க்கிற பகுதியில் வேலை. இடது மணிக்கட்டு வீங்கிக் கிடந்தது. அவவும் மனிசனும் எட்டு வயது மகளும் பக்கத்து மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் இருந்து ஹம்முக்கு வந்து மூன்று மாசம்தான். அதனால் இங்கே ஒருவருக்கும் அவர்களைப் பெரிதாகத் தெரியாது. முதல் நாள் பின்னேரம் மனிசன் கையை முறுக்கியிருக்கிறார். மேல்வீட்டு ஜெர்மன் கிழவி பொலிசுக்கு ரெலிபோன் அடித்திருக்கிறா. பொலிஸ் வந்து மனிசனிடம் வீட்டுத் திறப்பை வாங்கி, பத்து நாளைக்கு அந்த வீட்டுப் பக்கம் வரக்கூடாது என்று எழுதிக் கொடுத்து வெளியே அனுப்பிவிட்டது. அந்தச் சட்டம் வந்து அப்போது நாலைந்து வருசம் இருக்கும். அதற்கு முதல் அடி வாங்கினவள்தான் பிள்ளையையும் பையையும் தூக்கிக்கொண்டு வெளியே போக வேண்டும். இப்போது அடித்தவன் போக வேண்டும். அந்தப் பத்து நாளுக்குள் அவள் கோர்ட்டில் அன்ராக் போட வேண்டும், விண்ணப்பம். போட்டால் தடை நீளும். போடாவிட்டால் அவன் திரும்பி வருவான்.

அவ உள்ளே இருக்கும்போது நான் விறாந்தை யன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கதவு அன்று சரியாகச் சாத்தவில்லை. அந்தப் பிள்ளை கேள்வி கேட்பது கேட்டது.

"உங்கட மனிசன் குடிக்கிறவரோ?"

"இல்லை."

"உங்களைக் கொல்லுவன் எண்டு எப்பவாவது வெருட்டினவரோ?"

"இல்லை."

"வீட்டில ஆயுதம் ஏதும் இருக்கோ? துவக்கு, கத்தி, அப்பிடி?"

ஒரு மூச்சு விடுகிற நேரம் சத்தமில்லை. பிறகு, "இல்லை."

பேனை பேப்பரில் கோடு போட்டது. கோடு போட்ட பிள்ளைக்கு அந்த ஒரு மூச்சு கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. துணியைப் பிழிந்துகொண்டே நான் எனக்குள் சிரித்தேன். படிச்சவைக்கு எல்லாம் பேப்பரில வராது தானே, என்று.

அடுத்த நாள் புதன்கிழமை, வேலை முடிந்ததும் நான் மன்னார்த் தங்கச்சியின் வீட்டுக்குப் போனேன். ஒருவரும் போகச் சொல்லவில்லை. இடியப்பமும் சொதியும் ஒரு பெட்டிக்குள் போட்டுக்கொண்டு போனேன். என்னுடைய முறை அதுதான், அந்தப் பிள்ளை வருவதற்கு முன்பும் அதுதான். போய்க் கேள்வி கேட்கிறதில்லை. குசினிக்குள் நேரே போய், தொட்டியில் கிடக்கிற கோப்பைகளைக் கழுவத் தொடங்கிவிடுவேன். "விடுங்கோ அக்கா, நான் கழுவுறன்" என்பார்கள். விட மாட்டேன். முதுகு காட்டிக்கொண்டு கழுவுகிற ஒருத்திக்கு முன்னால் மனிசர் சொல்லாததெல்லாம் சொல்லுவார்கள். முகத்தைப் பார்த்துச் சொல்லத்தான் வெக்கம்.

நாலாவது கோப்பையில் அவ தொடங்கினா.

"அக்கா, நேற்று அந்தப் பிள்ளையிட்ட நான் ஒரு பொய் சொல்லிப்போட்டன்."

"சொல்லு."

"வீட்டில துவக்கு இருக்கு. ரெண்டு."

நான் கழுவுவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவவும் நிறுத்திவிடுவா.

முன்பு இருந்த கிராமத்தில் கிறிஸ்தவக் கோயிலோடு சேர்ந்த, துவக்குச் சுட்டுப் பழகுகிற சங்கம் ஒன்று இருந்ததாம். இங்கே கிராமங்களில் அது பெரிய மரியாதை. வருசத்தில் ஒரு தரம் பச்சை ஜக்கெட் போட்டு, இறகு குத்தின தொப்பியோடு, வாத்தியம் முழங்க ஊர்வலம் போவார்கள். பூசைக்கும் அப்படியே வருவார்கள். மனிசன் அதில் சேர்ந்துவிட்டார். அந்த ஊரில் ஒரே ஒரு கறுத்த முகம் அந்த வரிசையில். பாதிரியார் தோளில் தட்டினாராம். "அந்த ஜக்கெட்டை நான்தான் அயர்ன் பண்ணிக் குடுக்கிறனான் அக்கா. எனக்கும் பெருமையாத்தான் இருந்தது" என்றா. சில வருசம் ஒழுங்காகப் போய்ப் பழகினதால் துவக்கு வைத்திருக்க அனுமதி அட்டை கொடுத்திருக்கிறார்கள். அட்டைக்கு ஒரு நீளத் துவக்கு, ஒரு கைத்துவக்கு.

"அதால உன்னை வெருட்டினவரோ?"

"இல்லை அக்கா. ஒரு நாள் சாப்பாட்டு மேசையில பேப்பர் விரிச்சு, கைத்துவக்கைக் கழற்றி வைச்சு, எண்ணெய் போட்டுத் துடைச்சவர். துடைச்சுக் கொண்டே கேட்டவர், இண்டைக்கு ரெலிபோனில ஆரோட அவ்வளவு நேரம் கதைச்சனி எண்டு. அவ்வளவுதான். சத்தம்கூடப் போடேல்லை."

நான் அடுத்த கோப்பையை எடுத்தேன்.

"பிறகேன் பிள்ளை இல்லையெண்டு சொன்னனி?"

என்னைப் படுக்கையறைக்குக் கூட்டிக்கொண்டு போய் அலுமாரியைத் திறந்தா. கூறைச் சேலை, பட்டுச் சேலை எல்லாம் வரிசையாகத் தொங்கியது. விலக்கிக் காட்டினா. பின்னால் ஆள் நெஞ்சு உயரத்துக்கு ஒரு இரும்புப் பெட்டி. துவக்கு வைத்திருக்கிறவர்கள் அப்படிப் பூட்டித்தான் வைக்க வேண்டுமாம், சட்டம். வீட்டில் அதைவிடப் பத்திரமான இடம் வேறு இல்லை என்று மனிசியின் தாலிக்கொடி, காப்பு, மகளுக்குச் சேர்த்த சங்கிலிகள், எல்லாவற்றையும் ஒரு ஐஸ்கிரீம் பெட்டியில் போட்டு அதற்குள்தான் வைத்திருந்தார்கள். திறப்பு மனிசனிடம்.

"துவக்கு இருக்கெண்டு சொன்னா பொலிஸ் வந்து பெட்டியோட கொண்டு போகும். நகையும் போகும். நாளைக்கு நான் தனிய எண்டா சோசல் கந்தோரில உதவிக் காசுக்கு அன்ராக் போடவேணும். இவ்வளவு நகை இருக்கெண்டு எழுத்தில வந்தா, முதலில அதை வித்துச் சாப்பிடு எண்டுவினம். அது என்ர பிள்ளையின்ர நகை, அக்கா."

இப்படி ஒரு கணக்கை எங்களில் ஒருத்திதான் போடுவாள். எனக்கு அது விளங்கியது. நானும் அப்படித்தான் போட்டிருப்பேன்.

"ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. மாதாவுக்கு முன்னால சொல்லுங்கோ" என்றா. சுவரில் மடு மாதா படம் இருந்தது. அதைப் பார்த்து, சொல்ல மாட்டேன் என்று சொன்னேன்.

படி இறங்கி வரும்போது எனக்குப் பயம் இருந்திருக்க வேண்டும். இருந்தது. ஆனால் அதைவிடக் கூடுதலாக இருந்தது வேறு. அந்தப் பிள்ளையின் பேப்பரில் இல்லாதது என்னிடம் இருந்தது. பஸ்ஸில் இடம் கிடைத்தும் நான் இருக்கவில்லை, நின்றுகொண்டே வந்தேன். அவ்வளவு சந்தோசம், அவ்வளவு புழுகம்.

வியாழக்கிழமை காலை அந்தப் பிள்ளையின் அறையைக் கூட்டிக்கொண்டிருந்தேன். அவ பொலிசோடு ரெலிபோனில் கதைத்துக்கொண்டிருந்தா. முழுவதும் விளங்காவிட்டாலும் தேவையானது விளங்கியது. மனிசன் கேட்டிருக்கிறார், வேலை உடுப்பு, சப்பாத்து எல்லாம் வீட்டில் கிடக்கிறது, எடுக்க வேண்டும் என்று. அதற்கு அவர்கள் விடத்தான் வேண்டும். நாளை வெள்ளி பத்து மணிக்குத் தெர்மின், குறித்த நேரம். ஒரு பொலிஸ்காரர் கூட வந்து வாசலில் நிற்பார், அவர் படுக்கையறை அலுமாரியில் தன் உடுப்பை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போகலாம்.

அந்த அலுமாரிக்குள் என்ன இருக்கிறது என்று இந்த உலகத்தில் மூன்று பேருக்குத்தான் தெரியும். மனிசனுக்கு, மனிசிக்கு, எனக்கு.

நான் தும்புத்தடியைச் சுவரில் சாத்திவிட்டு, வாயைத் திறந்தேன். "பிள்ளை" என்றேன்.

அவ ரெலிபோனைக் கையால் பொத்திக்கொண்டு, "அன்ரி, குறை நினைக்காதேங்கோ, இந்த அறையைப் பிறகு கூட்டுங்கோவன். முக்கியமான கதை ஒண்டு" என்றா. மரியாதையாகத்தான் சொன்னா. எழும்பி வந்து, நான் வெளியே போனதும் கதவைச் சாத்தினா.

அந்தக் கதவுக்கு வெளியே நின்று நான் வாயை மூடினேன். முக்கியமான கதை. சரி. வந்து கேட்டால் சொல்லுவேன், கேட்கட்டும் என்று விறாந்தையைக் கூட்டினேன். கூட்டின இடத்தையே திரும்பவும் கூட்டினேன். அவ கேட்கவில்லை. எப்படிக் கேட்பா, என்னிடம் இருக்கிறது என்று அவவுக்கு என்ன தெரியும். பதினொன்றுக்கு ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனேன். மாதாவுக்கு முன்னால் சொன்ன சொல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். மாதா என்னை மன்னிக்கட்டும், நான் வாயை மூடினது மாதாவுக்காக இல்லை. அந்தப் பிள்ளை ஒரு தரம் பிழை விடட்டும் என்று இருந்தது. பிழை விட்டால் என்ன நடக்கும் என்பதை நான் நினைவுக்குக் கிட்டவே விடவில்லை.

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு வேலைக்குப் போனேன். குசினித் தொட்டியில் முதல் நாள் கோப்பைகள் கிடந்தன. கழுவ எடுத்தேன். எடுத்ததும், சாப்பாட்டு மேசையில் பேப்பர் விரித்துத் துடைத்துக்கொண்டு கேள்வி கேட்ட அந்த மனிசன் கண்ணுக்கு முன்னால் வந்து இருந்தார். முகம் தெரியாத மனிசன். பச்சை ஜக்கெட் மட்டும் தெரிந்தது. எனக்கு இரண்டாவது கோப்பை கழுவ ஏலவில்லை.

எட்டரைக்குப் பொறுப்பாளர் வந்தா. ஈரக் கையோடு அவவின் அறைக்குள் போனேன். அந்தப் பிள்ளையிடம் போகவில்லை, கவனியுங்கோ. அவவைத் தாண்டித்தான் போனேன். எனக்குத் தெரிந்த டொச்சில் தொடங்கினேன். அலுமாரி வந்தது, பெட்டி வந்தது, பிஸ்டோல் என்ற சொல்லும் வந்தது. ஆனால் யார், எங்கே, ஏன் என்பதெல்லாம் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டது. பொறுப்பாளர் என் தோளைப் பிடித்துக் கதிரையில் இருத்திவிட்டு, கதவைத் திறந்து அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டா.

ஏழு வருசம் நான் மற்றவளின் வாயாக இருந்த அறையில், அன்றைக்கு அந்தப் பிள்ளை என்னுடைய வாயாக இருந்தா. அதைப் போல ஒரு எரிச்சல் நான் அனுபவித்ததில்லை.

நான் தமிழில் சொன்னேன். அவ டொச்சில் சொன்னா. நகைக் கதையையும் சொன்னேன், மாதாவையும் சொன்னேன். எல்லாம் முடிய அவ என்னைப் பார்த்து, "இது உங்களுக்கு எப்பவிருந்து தெரியும் அன்ரி?" என்றா.

"புதன்கிழமை பின்னேரம்."

அவவுக்கு விருப்பமென்றால் அதை விட்டிருக்கலாம். நான் என்றால் விட்டிருப்பேன், அல்லது இன்று காலை என்று மாற்றியிருப்பேன். அவ பொறுப்பாளரின் பக்கம் திரும்பி, "மிற்வொக்" என்றா. புதன். ஒரு சொல்லும் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. பொறுப்பாளர் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப் போவதில்லை.

அந்தப் பிள்ளை அதற்குள் ரெலிபோனை எடுத்துவிட்டா. குரல் நடுங்கவில்லை. மனிசனின் துவக்குக் கோப்பு இன்னும் பழைய மாவட்டத்துப் பொலிசில்தான் கிடந்தது, வீடு மாறினபோது ஹம்முக்கு வந்து சேரவில்லை. அதனால்தான் இங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. அரை மணித்தியாலத்தில் பேப்பர் ஃபக்ஸ் மெசினில் வந்தது. இரண்டு துவக்கு, இரண்டு இலக்கம்.

ஒன்பதரைக்கு நாங்கள் இரண்டு பேரும் ஒரு வயதான பொலிஸ்காரரும் மன்னார்த் தங்கச்சியின் வாசலில் நின்றோம். "நீங்களும் வாங்கோ அன்ரி, உங்களைக் கண்டால்தான் பயப்படாமல் திறப்பா" என்று அந்தப் பிள்ளைதான் கூட்டிக்கொண்டு போனா. அவ சொன்ன மாதிரியே என் முகத்தைக் கண்டதும் கதவு திறந்தது. எனக்குப் பின்னால் பொலிசைக் கண்டதும் அவவின் முகம் மாறியது.

"மாதாவுக்கு முன்னால சொன்னீங்கள் அக்கா."

"ஓம், சொன்னனான்."

"பிறகு?"

"பிறகு பயந்துபோனன்."

அவ அதற்கு மேல் என்னோடு ஒரு சொல்லும் கதைக்கவில்லை. மகள் பள்ளிக்கூடம் போயிருந்தது, நல்லகாலம்.

பத்து மணிக்கு மற்றப் பொலிஸ்காரர் மனிசனைக் கொண்டு வந்தார். நான் நினைத்த மாதிரி இல்லை. மெலிந்த ஆள், மடிப்புக் குலையாத சேட்டு, நல்ல தலைவாரல். என்னைப் பார்த்து, "வீடு துடைக்கிறவையும் இப்ப பொலிஸ் வேலை பாக்கினமோ அக்கா" என்று சிரித்தார்.

"ஊத்தை எங்க கிடக்குதோ அங்கதானே தம்பி துடைக்கலாம்" என்றேன்.

அந்தப் பிள்ளைக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டா. நான் கண்டேன்.

வயதான பொலிஸ்காரர் அவரிடம் அட்டையையும் திறப்பையும் கேட்டார். மறுக்கவில்லை, கொடுத்தார். சேலைகளை ஒரு பக்கமாகத் தள்ளிப் பெட்டியைத் திறந்தார்கள். முதலில் வந்தது ஐஸ்கிரீம் பெட்டி. பொலிஸ்காரர் மூடியைத் திறந்து பார்த்தார், மூடினார், கட்டிலில் மன்னார்த் தங்கச்சிக்குப் பக்கத்தில் வைத்தார். யாருடையது, எவ்வளவு, எழுத வேண்டுமா, ஒன்றும் கேட்கவில்லை. அவருடைய பேப்பரில் இரண்டு துவக்குத்தான் இருந்தது, நகை இல்லை. அந்த நகைக்காகத்தான் இவ்வளவு பாடும். அவ அந்தப் பெட்டியைத் தொடக்கூட இல்லை, பார்த்தபடி இருந்தா.

பிறகு நீளத் துவக்கை எடுத்தார். உள்ளே தோட்டா இருக்கிறதா என்று பார்த்து, இலக்கத்தை வாசித்து, பேப்பரில் அடையாளம் போட்டார். பெட்டிக்குள் கையை விட்டு அடிமட்டும் தடவினார். பெட்டி வெறுமை.

"மற்றது?" என்று கேட்டார்.

"திருத்தக் குடுத்திருக்கிறன்" என்றார் மனிசன், நல்ல டொச்சில்.

"எந்தக் கடையில்?"

கடையின் பெயரைச் சொன்னார். பொலிஸ்காரர் அங்கேயே நின்று அந்தக் கடைக்கு ரெலிபோன் அடித்தார். அங்கே அப்படி ஒன்றும் வரவில்லை. திரும்பவும் கேட்டார், "மற்றது எங்கே?" அதே குரல். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. நாலு தரம் கேட்டார். நாலு தரமும் வேறு வேறு மறுமொழி வந்தது.

அப்போதுதான் மன்னார்த் தங்கச்சி எழும்பினா. மனிசனைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. அந்தப் பிள்ளையைப் பார்த்துத்தான் சொன்னா.

"திங்கக்கிழமை பொலிஸ் அனுப்பேக்க விறாந்தையில கிடந்த விளையாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போனவர். அதுக்குள்ள உடுப்பு இருந்திருந்தா இண்டைக்கு ஏன் உடுப்புக்கு வாறார்?"

அந்தப் பிள்ளை அதைச் சொன்னபடியே சொன்னா. மனிசன் கட்டில் விளிம்பில் இருந்துவிட்டார். மடிப்புக் குலையாத சேட்டு அப்போதுதான் கசங்கியது.

அவர் தங்கியிருந்தது ஒரு சிநேகிதனின் தமிழ்க் கடைக்கு மேலே. அந்தக் கடையின் கிட்டங்கியில், அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் பை கிடந்தது. பைக்குள் துவாய் சுற்றினபடி கைத்துவக்கு. மத்தியானம் இரண்டு மணிக்குப் பொலிஸ் ரெலிபோனில் சொன்னது. கடைக்காரனுக்கே தெரியாதாம், தெரியுமோ என்னமோ. அந்தக் கடை எந்தத் தெருவில் என்று மன்னார்த் தங்கச்சி கேட்டா. மகளை ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடத்துக்கு நடத்திக்கொண்டு போகிற தெரு. செவ்வாய் போனவ, புதன் போனவ, வியாழன் போனவ, வெள்ளியும் போனவ. அதில் இரண்டு நாள் நான் தெரிந்துகொண்டு வாயை மூடியிருந்த நாள்.

பிறகு பொலிஸ் தனியாக ஒரு கடிதம் அனுப்பியது, அந்த ஆள் இனி ஆயுதம் ஒன்றும் வைத்திருக்கக் கூடாது என்று. பொறுப்பாளர் என்னைக் கூப்பிட்டு, குசினியில் கேட்டது அன்றைக்கே கந்தோருக்கு வர வேண்டும், இல்லையென்றால் குசினிகளுக்குப் போக வேண்டாம் என்றா. ஓம் என்றேன். வேறு என்ன சொல்ல.

மன்னார்த் தங்கச்சி அதற்குப் பிறகு கிழமைக்கு இரண்டு தரம் கந்தோருக்கு வந்தா. என்னைக் கண்டால் தலையை ஆட்டுவா, அவ்வளவுதான். அந்தப் பிள்ளையின் அறையில் ஒரு நாள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது விறாந்தை வரைக்கும் கேட்டது. சிரிக்கப் பழகுகிறா, நல்லது என்று ஒரு நல்ல மனிசி நினைத்திருப்பாள். நான், என்னோடு இருந்து இப்படிச் சிரித்ததில்லையே என்றுதான் நினைத்தேன்.

கோர்ட்டுக்குப் போன அன்று என்னை ஒருவரும் கூப்பிடவில்லை. நானாகவே பஸ் எடுத்துப் போனேன். மேல்மாடி விறாந்தையில் நீள வாங்கு. மன்னார்த் தங்கச்சி, அவவின் வக்கீல், அந்தப் பிள்ளை, மூன்று பேரும் கதவுக்கு முன்னால் நின்றார்கள். உள்ளே கூப்பிட்டபோது அந்தப் பிள்ளையும் பின்னால் போனா. வாசலில் நின்ற பொம்பிளை கையை நீட்டி மறித்தா. மூடின விசாரணையாம், வக்கீல் மட்டும்தான். மொழிபெயர்க்கக் கோர்ட்டே ஒரு ஆளைப் பிடித்திருந்தது, கழுத்துப்பட்டி கட்டின யாரோ ஒரு தமிழ் மனிசர். அவர் உள்ளே போனார். கதவு சாத்தியது.

அந்தப் பிள்ளை வந்து என்னுடைய வாங்கில் இருந்தா. இரண்டு பேரும் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். எனக்கு அந்தக் காட்சி பழகினது. அவவுக்குப் புதிது.

கொஞ்ச நேரத்தால் எழும்பிப்போய் மெசினில் இரண்டு கோப்பி எடுத்துக்கொண்டு வந்து ஒன்றை என்னிடம் தந்தா.

"அன்ரி, ஒண்டு கேக்கட்டோ?"

"கேள்."

"நான் அவவை ஒரு மணித்தியாலம் வைச்சுக் கேள்வி கேட்டனான். படிச்ச மாதிரி, ஒழுங்கா. எல்லாத்துக்கும் இல்லை எண்டவ. நீங்கள் நாலு கோப்பை கழுவினீங்கள்." கோப்பியைப் பார்த்துக்கொண்டு சொன்னா. "எனக்கு அண்டைக்கு வீட்டை போய் அழுகை வந்திட்டுது."

நான் அவவைத் திரும்பிப் பார்த்தேன். அந்த முகம் எனக்குத் தெரிந்த முகம். பல மாசமாக யன்னல் துடைக்கும்போது கண்ணாடியில் நான் கண்ட முகம்தான். வயது மட்டும் குறைவு.

"நீ புதன்கிழமை எண்டு சொல்லாமல் விட்டிருக்கலாம்" என்றேன்.

"ஏலாது அன்ரி."

"தெரியும்."

கோப்பிக்குச் சீனி காணாது. சொல்லவில்லை, குடித்தேன்.

கதவு திறந்தது. இரண்டு பேரும் ஒரே நேரம் எழும்பினோம். மன்னார்த் தங்கச்சி ஒரு கையில் பேப்பர், மற்றக் கையில் கோட்டும் கைப்பையுமாக வந்தா. ஆறு மாசத்துக்கு வீடு அவவுக்கு. மனிசன் வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கிட்ட வரக்கூடாது. "வாசிச்சுச் சொல்லுங்கோ, அவர் சொன்னது எனக்கு அரைவாசி விளங்கேல்லை" என்று பேப்பரை அந்தப் பிள்ளையிடம் கொடுத்தா. பிறகு என் பக்கம் திரும்பினா. அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு முதல் தரம் என் முகத்தைப் பார்த்தா.

"இதைக் கொஞ்சம் வைச்சிருங்கோ அக்கா, முகம் கழுவிக்கொண்டு வாறன்."

கோட்டையும் கைப்பையையும் என் கையில் போட்டுவிட்டுப் போனா.

அந்தப் பிள்ளை வாங்கில் இருந்து பேப்பரை வாசித்துக்கொண்டிருந்தா. நான் பக்கத்தில் இருந்தேன். கோட்டை மடித்து, அதற்கு மேல் கைப்பையை மடியில் வைத்தேன், அந்தப் பிள்ளை தலையை நிமிர்த்தினால் கண்ணில் படுகிற பக்கமாக.